நோன்போட வாங்க

ஒன்று தசம் ஆறு (1.6). 2025ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த வாரம் சித்தி ஸுலைஹாவின் கைக்கு வந்து சேர்ந்த எண் இது. துண்டுச் சீட்டில் பெயர், வயது நாற்பத்தொன்பது, தொழில் உப்பளக் கூலி என்று எழுதி, அதற்குக் கீழே இந்த எண்ணைப் போட்டு, சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம் இழுத்திருந்தார்கள். இழுத்தவர்களுக்கு அது கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு இரத்தத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்ற கணக்கு; ஒன்றுக்குக் கிட்ட இருக்க வேண்டியது. ஊருக்கு அது வேறு மாதிரி விளங்கியது. மாலை அஸர் தொழுகைக்கு முன்னரே கனமூலையில் பாதிப்பேருக்குத் தெரிந்துவிட்டது, ஸுலைஹாவுக்குக் கிட்னி போயிட்டு என்று.

ஊர் தனக்குப் பெயர் வைப்பது அவளுக்குப் புதிதல்ல. 1990இல், பதினான்கு வயதில், முஸ்லிம்கள் விரட்டப்பட்ட மன்னாரிலிருந்து உம்மா வாப்பாவோடு வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கினாள். அன்று தொடங்கி அவள் 'அகதிப் புள்ள'. ஓலைக் கொட்டிலிலும் அதுதான் பெயர். கனமூலை அன்ஸாரைக் கலியாணம் முடித்து சொந்தக் கூரைக்குக் கீழே வந்த பிறகும் அதுதான். தண்ணீர்க் குழாயடியில் வாய்த்தர்க்கம் முற்றினால், கடைசியில் எவளாவது ஒருத்தி அந்தச் சொல்லை எடுத்து வீசுவாள்.

அதைத் தேய்த்துக் கழற்றியது உப்பு. பதினேழு வயதில் கடல்நீர்க் களப்போரம் உப்புப் பாத்தியில் இறங்கியவள், மாப்பிள்ளை அன்ஸார் மௌத்தாகி விதவையான பிறகும் ஏறவில்லை. விடியச் சுபஹ் தொழுத கையோடு உப்பு வாரும் பலகையைத் தோளில் போட்டுப் போவாள். வெயில் உச்சிக்கு வருவதற்குள் உப்பை வாரிக் கும்பி கட்டி, கூடையில் வரப்புக்கு ஏற்றிவிடுவாள். கால் வெடிப்புக்குள் உப்புநீர் போகாமலிருக்கப் பழைய காலுறை, முதுகு வலிக்குத் தெரு முடக்குக் கடையில் வாங்கும் குளிசை. வேறு ஆயத்தம் எதுவும் கிடையாது. மஹ்ரூப் ஹாஜியாரின் உப்பளத்தில் ஆறு பெண்கள் அவளுக்குப் பின்னால் வேலை செய்தார்கள். 'ஸுலைஹாட செட்' இறங்கினால் பாத்தியில் சேறு கலக்காது என்று லொறிக்காரர்கள்கூடச் சொல்வார்கள். அகதிப் புள்ள என்ற பெயர் போய் செட்டுக்காரி என்ற பெயர் வர ஏறக்குறைய முப்பது வருஷம் எடுத்தது.

கிட்னிக்காரி என்ற பெயருக்கு ஒரு பின்னேரம் போதுமாயிருந்தது.

இவ்வளவுக்கும் தொடக்கம் ஒரு பதாகை. நோன்புப் பெருநாள் முடிந்த வெள்ளிக்கிழமை மத்ரஸாக் கட்டடத்துக்கு முன்னால் அதைக் கட்டினார்கள். 'பல்கலைக்கழக விதை மானியத் திட்டம்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. 'உப்பளத் தொழிலாளர் சுகாதார ஆய்வு' என்பதைக் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். ஜும்ஆத் தொழுகை கலைந்ததும் தோட்டக்காரர்கள் சாக்கோடு வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள்.

"மிளகாய் விதையா மிஸ், வெங்காய விதையா?" என்று கேட்டான் முன்னால் நின்ற றிப்தி.

வேனிலிருந்து இறங்கிய டொக்டர் அனுஷ்கா திகைத்துப்போனாள். சிலாபத்துக்காரி, சமுதாய மருத்துவத் துறையில் இளம் விரிவுரையாளர். தமிழ் அவளுக்குச் சந்தையில் பழகிய தமிழ். "விதை இல்ல, இரத்தம்" என்றாள்.

"விதை தாறம் எண்டு எழுதிப்போட்டு இரத்தம் எடுக்கப் போறீங்களா?"

சிரிப்பு அடங்கிய பிறகு அவள் படியிலேயே உட்கார்ந்து விளக்கினாள். பல்கலைக்கழகம் தன்னிடம் வேலை செய்கிறவர்களுக்கே உள்ளுக்குள் ஒரு சிறு தொகை கொடுக்கும். அதை வைத்து ஒரு வருஷத்துக்குள் ஏதாவது ஒன்றைக் கண்டு காட்ட வேண்டும். காட்டினால், அதைக் கொண்டுபோய் வெளியில் பெரிய நிதி கேட்கலாம். அதனால்தான் அதற்கு விதை என்று பேர். பெரிய நிதி வந்தால் ஊருக்குத் தண்ணீர் வடிகட்டும் இயந்திரம் வரும், மாதம் ஒரு தடவை கிளினிக் வரும்.

"முளைச்சாத்தான் மரம் எண்டு சொல்றீங்க" என்றாள் கூட்டத்தில் நின்ற ஸுலைஹா.

"ஓம் அக்கா, அதுதான்."

"உப்பில இதுவரைக்கும் ஒண்டும் முளைச்சதில்ல மிஸ். பாப்பம்."

வீடு வீடாகப் போய் ஆள் சேர்க்கும் வேலை றிஸ்மினாவுக்குக் கிடைத்தது. உயர்தரம் முடித்துவிட்டு மூன்று வருஷமாக ஒரு வேலைக்குக் காத்திருந்தவள். திட்டத்தில் அவளுக்குக் கள உதவியாளர் என்று பதவி. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அறிவுறுத்தலை யாரோ மிகச் சுத்தமான தமிழில் பெயர்த்திருந்தார்கள்: 'குருதி மாதிரிகள் விரத நிலையில் பெறப்படும்.' றிஸ்மினா அதை இரண்டு தடவை வாசித்தாள். குருதி என்றால் இரத்தம். விரதம் என்றால் நோன்பு. இந்தத் தமிழை இப்படியே கொண்டுபோனால் ஊரில் யாருக்கு விளங்கும்? அவள் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிக்கொண்டு வாசற் படலை படலையாகச் சொல்லிப் போனாள்:

"புதன்கிழமை இரத்தம் எடுக்கிற. நோன்போட வாங்க."

பெண்களுக்கு அது நல்ல செய்தியாகவே பட்டது. ஷவ்வால் மாதம்; பெருநாளுக்குப் பிறகு ஆறு நோன்பு பிடிக்கிற காலம். ரமழானில் விடுபட்டுக் களாவாகிப்போனவை பாக்கி இருந்தவர்களும் உண்டு. எப்படியும் பிடிக்க வேண்டியதை அன்றைக்குப் பிடித்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆண்களில் பலர் மனைவிமாருக்குத் துணையாகப் பிடித்தார்கள். சீனி வருத்தக்காரர் சிலர் மட்டும் ஏலாது என்று விட்டுவிட்டார்கள். ஸுலைஹாவின் செட்டிலிருந்த பஸீனாவுக்கு அந்த வாரம் மாதவிலக்கு; தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. அவள் பாண் தின்று பிளேன்டீயும் குடித்துவிட்டு வந்தாள்.

ஸுலைஹா விடியுமுன் ஸஹருக்கு எழும்பி, முந்திய நாள் கலியாண வீட்டிலிருந்து வந்த மாட்டிறைச்சிக் கறியோடு வயிறு நிறையச் சோறு தின்றாள். முதுகுக்கு இரண்டு குளிசை போட்டாள். நோன்புக்கு நிய்யத் வைத்து, பாங்கு சொன்னதும் வாயைக் கட்டினாள். வேலையை விட மனமில்லாமல் செட்டோடு பாத்தியில் இறங்கி, வெயில் ஏறும்வரை உப்பு வாரினாள். பிறகு உடுப்பை மாற்றிக்கொண்டு மத்ரஸாவுக்கு வந்து வரிசையில் நின்றாள். அவளுடைய முறை வந்தபோது நண்பகல் லுஹருக்கு அதிக நேரம் இருக்கவில்லை.

இரத்தம் எடுத்த தாதி ஆளுக்கொரு பால் பக்கட்டும் பிஸ்கட்டும் கொடுத்தாள். ஒருத்தியும் வாயில் வைக்கவில்லை. முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு எழும்பிப் போனார்கள். அனுஷ்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்குக் கொண்டுபோகிறார்கள், பாவம், ஆளுக்கு இரண்டாகக் கொடுங்கள் என்று தாதியிடம் சிங்களத்தில் சொன்னாள். ரமழான் முடிந்து பெருநாளும் போய்விட்டது. இந்த மனிதர்கள் இன்னும் நோன்பில் இருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்ற வழியில்லை. இரண்டு பக்கட்டும் சுருட்டப்பட்டன.

ஜூன் மாதம் சீட்டுகள் வந்தன. நாற்பது பேரில் இருபத்துமூன்று பேருக்குச் சிவப்பு வட்டம்.

பல்கலைக்கழகத்தில் இந்த எண்ணிக்கையைப் பார்த்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்களாம். இவ்வளவு சிறு தொகையில் இவ்வளவு பெரிய விளைவு. ஊர் பயந்துபோனது. கிணற்றுத் தண்ணீர் என்றார்கள், காற்று என்றார்கள், உப்பையே குற்றம் சொன்னார்கள். ஒரு வீட்டில் ஊறுகாய்ப் பானையைத் தூக்கிக் கொட்டினார்கள். இன்னொரு வீட்டில் வரவிருந்த சம்பந்தம் ஒன்று பேச்சில்லாமல் நின்றுபோனது.

மஹ்ரூப் ஹாஜியார் ஸுலைஹாவை உப்பளக் கந்தோர் அறைக்குக் கூப்பிட்டு, கதிரையை இழுத்துப் போட்டார். கதிரை போட்ட விதத்திலேயே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பாத்தியில் இறங்குகிறவளை அங்கே யாரும் உட்காரச் சொல்வதில்லை.

"கோவிக்க வேணாம். கிட்னி வருத்தக்காரரை நான் வெயில்ல விட்டு, நாளைக்கி நீங்க பாத்தியில விழுந்தா ஊர் என்னைத்தானே கேக்கும்."

"முப்பது வருஷத்தில ஒரு நாளும் விழல்லையே ஹாஜியார்."

"அப்ப உங்கட கையில சீட்டு இல்ல."

சீட்டில் வட்டம் விழுந்தவர்களை அவர் வேலையிலிருந்து நிறுத்தினார். பக்கத்து உப்பளக்காரர்களும் நிறுத்தினார்கள். அந்த வருஷம் மழை முந்தி வந்து உப்பைக் கரைத்துவிட்டுப் போயிருந்தது. நாடு முழுக்க உப்புக்கு அலைந்தார்கள். வருகிற வெயிலில் ஒரு பாத்தியையும் சும்மா விட முடியாது. முந்தல் ஊரிலிருந்து வேனில் ஆள் வந்து இறங்கியது. வந்தவர்களை வைத்துக்கொண்டு ஸுலைஹாவின் செட்டுக்கு முன்னால் இப்போது பஸீனா போனாள்.

கற்பிட்டியில் கலியாணம் முடித்திருந்த மகள் ருஷ்தா போன் எடுத்தாள். "உம்மா, அந்த உப்பை விடுங்க. எங்கட வீட்டுக்கு வந்து இரிங்க. மாமியும் வரச் சொல்றாங்க."

"வந்து?"

"சும்மா இரிங்க."

"நான் சின்ன வயசில மூணு வருஷம் ஆக்கள்ற தயவில சும்மா இருந்தவள் மகள். எனக்கு அது போதும்."

போனை வைத்துவிட்டு அவள் வாசலில் நின்றாள். களப்புப் பக்கம் வெள்ளை வெயில் கண்ணைக் கூசியது. ஒக்டோபர் மழைக்கு முன்னால் பாத்தியில் இறங்காவிட்டால் பிறகு இறங்கக் கிடையாது. அடுத்த பருவத்தில் செட்டு பஸீனாவின் செட்டாகியிருக்கும். ஸுலைஹாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: அந்தச் சிவப்பு வட்டம் பிழை என்று யாராவது சொல்ல வேண்டும்.

சொன்னவன் சியாம். புத்தளம் வைத்தியசாலைக் கிளினிக்கில் நாள் குறித்துக்கொடுக்கும் கவுண்டரில் இருந்தான். திட்டத்துக்காரர் கொடுத்த கடிதத்தைப் பார்த்துவிட்டு, ஒக்டோபர் பதினான்காம் திகதி என்று எழுதினான். அவ்வளவு பேர் வரிசையில் இருந்தார்கள்.

"அண்டைக்கு வெறும் வயித்தோட வாங்க ராத்தா. முந்தின நாள் இரவுக்குப் பிறகு சாப்பிட வேணாம். தண்ணி குடிக்கலாம்."

"தண்ணி குடிச்சா நோன்பு முறிஞ்சிடுமே தம்பி."

சியாம் நிமிர்ந்து பார்த்தான். "நோன்பு பிடிக்கச் சொன்ன யாரு?"

"போன முற இரத்தம் எடுக்கக்குள்ள அப்பிடித்தானே சொன்னாங்க. ஸஹர் செஞ்சிட்டுத்தான் போன நாங்க."

"ஸஹருக்குத் தின்னதா? அதுக்குப் பொறகு தண்ணி இல்லையா?" அவன் பேனையை வைத்துவிட்டான். "தண்ணி இல்லாம இருந்தா அந்த எண் சும்மாவே ஏறும். ராத்தா, நோன்பு அல்லாஹ்வுக்கு. வெறும் வயிறு எங்களுக்கு. ரெண்டும் ஒண்டில்ல."

பின்னால் நின்ற கிழவர் சிரித்தார். ஸுலைஹா சிரிக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது மனதுக்குள் ஒவ்வொரு வீடாகத் தட்டிக்கொண்டு வந்தாள். பஸீனாவுக்குத் தொழுகை இல்லை, வட்டமும் இல்லை. சீனி வருத்தம் என்று நோன்பை விட்ட சலூன்காரருக்கு வட்டம் இல்லை. நோன்பு பிடித்துப் பாத்தியிலும் இறங்கிய தன் செட்டில் மற்ற எல்லோருக்கும் வட்டம். ஊருக்குப் பக்கத்துச் சந்தியான மதுரங்குளியில் இறங்கியதும் தன் வீட்டுக்குப் போகாமல் நேரே றிஸ்மினாவின் வீட்டுக்கு நடந்தாள்.

றிஸ்மினா கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த அறிவுறுத்தல் தாளைத் தேடி எடுத்தாள். "அதில விரதம் எண்டுதான் இருந்த ராத்தா. விரதமெண்டா நோன்புதானே?"

"எனக்கும் அப்பிடித்தான் விளங்கும். உன்னில பிழை சொல்ல வரல்ல. டொக்டருக்குச் சொல்லணும்."

"ராத்தா, இந்த மாசக் கடைசியில பெரிய நிதிக்கு எழுதிப் போடுறாங்க. இந்த இருவத்துமூணை வெச்சித்தான் எழுதின. இப்ப இது பிழை எண்டா மெஷினும் வராது, கிளினிக்கும் வராது. என்ட வேலையும் போகும்." குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "தண்ணி மெஷின் வந்தா ஊருக்கு நல்லதுதானே. கொஞ்ச நாள் பொறுத்தா என்ன?"

ஊரில் தண்ணீர் உவர். அந்த இயந்திரம் வந்தால் முதலில் குடத்தோடு நிற்பவள் ஸுலைஹாதான். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் பஸ் ஏறுகிறவர்கள் எத்தனை பேர் என்பதும் தெரியும்.

"பொய்யில வந்த தண்ணியைக் குடிக்கலாம் மகள்" என்றாள் கடைசியில். "ஆனா அது வாற வரைக்கும் நான் கிட்னிக்காரியா இரிக்கணும். எனக்கு ஏலாது. நீ போன் எடுக்கிறயா, நான் எடுக்கட்டா?"

றிஸ்மினாதான் எடுத்தாள். பாதியில் அழுகை வந்து போனை ஸுலைஹாவிடம் நீட்டினாள். மறுபக்கத்தில் அனுஷ்கா நிறையக் கேள்வி கேட்டாள். ஸஹர் எத்தனை மணிக்கு, என்ன சாப்பாடு, அதன் பிறகு என்ன வேலை, என்ன மருந்து. குளிசையின் பெயரைக் கேட்டபோது ஸுலைஹா பைக்குள்ளிருந்து அட்டையை எடுத்து எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

"அக்கா, அந்தக் குளிசையை இனிப் போடாதீங்க. இண்டைக்கே நிப்பாட்டுங்க. அது கிட்னியைக் கெடுக்கும்."

"சரி மிஸ். இரத்தம்?"

"திரும்ப எடுக்கணும்." நோன்பும் இறைச்சியும் வெயில் வேலையும் சேர்ந்தால் நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கும் அந்த எண் ஏறும் என்று விளக்கினாள். "விதைக் காசு முடிஞ்சி போச்சு. ஒருத்தருக்கு ஒரு தடவைதான் குடுப்பாங்க. நான் கேட்டுப் பாக்கிறன்."

என்ன கேட்டாள், யார் என்ன சொன்னார்கள் என்பது கனமூலைக்குத் தெரியாது. பெரிய நிதிக்கான விண்ணப்பம் அந்த மாதம் போகவில்லை என்பது மட்டும் றிஸ்மினா வழியாகத் தெரிந்தது. ஜூலை இருபத்துமூன்றாம் திகதி, வேறு யாருடைய திட்டத்திலோ மிஞ்சிய குழாய்களோடும் கடன் வாங்கிய வேனோடும் அனுஷ்கா மத்ரஸாவுக்கு வந்தாள். பதாகை இல்லை. வட்டம் விழுந்தவர்களை மட்டும் வரச் சொல்லியிருந்தது.

முந்திய இரண்டு நாளும் றிஸ்மினா தொண்டை கட்டக் கட்டச் சொல்லித் திரிந்தாள்: "வெறும் வயிறு. நோன்பு இல்ல. நிய்யத் வைக்காதீங்க. தண்ணி குடிங்க, நல்லாக் குடிங்க. இறைச்சி வேணாம்."

"தின்னவும் ஏலாது, நன்மையும் இல்ல. இது என்ன கணக்கு?" என்றான் சலூன் வாசலில் இருந்த றிப்தி.

"உனக்கு வட்டம் இல்லத்தானே, வாயை மூடு" என்றாள் அவள்.

ஸுலைஹா அன்று காலை செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். குளிசையை விட்டு மூன்று கிழமை. முதுகு நிமிர்த்த முடியாமல் நொந்தது. இரத்தம் எடுத்து முடிந்ததும் பால் பக்கட்டை எல்லோருக்கும் முன்னால் உடைத்துக் குடித்தாள். அனுஷ்கா பார்த்துத் தலையாட்டினாள்.

ஓகஸ்ட் முதல் கிழமை எண்கள் வந்தன. இருபத்துமூன்று பேரில் பதினெட்டுப் பேருக்கு எண் சரியான அளவுக்கு இறங்கியிருந்தது. செட்டிலிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒருத்தி வந்து ஸுலைஹாவைக் கட்டிப்பிடித்து, "உங்களாலதான் ராத்தா" என்றாள். ஸுலைஹாவின் சீட்டைக் கொடுக்க அனுஷ்கா உள்ளறைக்குக் கூப்பிட்டாள். கதிரையை இழுத்துப் போட்டாள்.

ஸுலைஹா உட்காரவில்லை. "எத்தன மிஸ்?"

"ஒன்று தசம் ஐந்து."

வெளியே பெண்களின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அஞ்சு பேருக்குப் போதுமான அளவு இறங்கல்ல அக்கா. நீங்க ஒருத்தர். அந்தக் குளிசை பல வருஷம் போட்டிருக்கீங்க. வெயில், தண்ணி குறைவு. எல்லாம் சேர்ந்திருக்கும். இப்ப கண்டுபிடிச்சது நல்லது. கவனமா இருந்தா இது மெதுவாத்தான் போகும்."

"பாத்தியில இறங்கலாமா?"

அனுஷ்கா பதில் சொல்லத் தமிழைத் தேடினாள். சிங்களத்திலும் அந்தப் பதில் எளிதாக இருந்திருக்காது. "இந்த வெயில்ல வேணாம்" என்றாள்.

"நான் நீங்க பிழை எண்டு சொல்லத்தான் வந்த."

"தெரியும் அக்கா. நான் பிழைதான். பதினெட்டுப் பேருக்குப் பிழை."

ஸுலைஹா சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்தாள். பெண்கள் அவளுடைய முகத்தைப் பார்த்து வழி விட்டார்கள். பஸீனா மட்டும் பக்கத்தில் வந்தாள். ஸுலைஹா திரும்பி வருவாள், பலகையைக் கொடுத்துவிட்டுப் பழைய இடத்துக்குப் போவோம் என்று நினைத்து வந்து நின்றவள் அவள்.

"ராத்தா, நான் கேட்டு எடுத்த இடமில்ல அது."

"தெரியும். மேற்குப் பாத்தியில சேறு மேல நிக்கிது. பலகையை அழுத்தாம வாரு. கேள்விப்பட்டன், போன லொறி கறுப்பா ஏறினதாம்."

"யாரு சொன்ன?"

"உப்புச் சொன்ன."

பஸீனாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

மஹ்ரூப் ஹாஜியார் அன்று பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு ஆள் அனுப்பினார். களஞ்சியத்தில் மூட்டை வாய் தைக்க ஆள் வேண்டும். நிழல் வேலை, கூலி குறைவு. வர விருப்பமா என்று கேட்டு வரச் சொல்லியிருந்தார். ஸுலைஹா ஊசியின் அளவைக் கேட்டாள். பெரிய சாக்கூசி என்றார்கள். வருகிறேன் என்றாள்.

அனுஷ்காவின் விண்ணப்பம் அடுத்த வருஷச் சுற்றுக்குப் போகிறது. அதில் இருபத்துமூன்று என்ற எண் இருக்காது, ஐந்து என்று இருக்கும். றிஸ்மினாவின் வேலை டிசம்பரில் முடிகிறது. சித்தி ஸுலைஹா திங்கட்கிழமையிலிருந்து களஞ்சியத்தில் மூட்டை தைக்கிறாள். ஒக்டோபர் பதினான்காம் திகதி காலை ஏழு மணிக்குப் புத்தளம் வைத்தியசாலைக் கிளினிக்கில் அவளுக்கு நாள் குறித்திருக்கிறது. வெறும் வயிற்றோடு போக வேண்டும். தண்ணீர் குடிக்கலாம்.